முப்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர்

பிப்ரவரி 3, சனி

இது டயர் மாற்றும் வேலைக்கான குறிப்பு. சொந்தக் கதை எதையும் இதில் எழுத உத்தேசமில்லை. முப்பத்து மூன்று வருடம் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவன் நான். எந்த வேலையைத் தொட்டாலும் தேதி போட்டு, யார், எது, எதனால் என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

வண்டி: ஸ்டீல் பிரேம் போட்ட ரேஸ் சைக்கிள். எங்கள் தொழிற்சாலைக்கு மெஷின் நிறுவ வந்த ஜப்பான் என்ஜினியர் ஊர் திரும்பும்போது, 1991-இல், எனக்கு விற்றுவிட்டுப் போனது. பொன்மலைப்பட்டியிலிருந்து கல்லணை வரை காலையில் போய் வருவது என் வழக்கம். இப்போது பாதி வழியில் வேங்கூரோடு திரும்பிவிடுகிறேன். வெயில் சீக்கிரம் ஏறிவிடுகிறது.

குறை: ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை விழுந்தேன். ஜனவரி 27, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குழாய் பதித்து மூடிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. பிப்ரவரி 1, வேங்கூர் திருப்பத்தில் மணல். இரண்டுக்கும் காரணம் டயர். அகலம் இருபத்து மூன்று மில்லிமீட்டர், என் கட்டை விரல் அளவு. ஜப்பான் ரோட்டுக்குச் சரி, நம் ரோட்டுக்கு ஆகாது.

தீர்வு: அகலமான டயர்.

பிலோமினா என் மனைவி. வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். முழங்காலில் மருந்து வைத்துக்கொண்டே சொன்னாள், "மூணாவது தடவ விழுந்தீங்கன்னா அந்த ஜப்பான்காரியப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். இப்பவே சொல்லிட்டேன்." சைக்கிளை அவள் அப்படித்தான் சொல்வாள். கல்யாணமான புதிதில் வேடிக்கையாகச் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது.

அதோடு விடவில்லை. "நரம்பு டாக்டர்ட்ட எப்ப வர்றீங்க?" என்றாள். என் வலது கை சும்மா இருக்கும்போது கொஞ்சம் ஆடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சளிக்குப் போனபோது எங்கள் தெரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நரம்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் ஒன்றரை மாதமாக பிரிட்ஜின் மேல் இருக்கிறது. வேலை செய்யும்போது கை ஆடுவதில்லை. வேலை இல்லாததுதான் காரணம் என்பது என் முடிவு.

"டயர் வேல முடியட்டும், வர்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பிப்ரவரி 5, திங்கள்

அளவு எடுத்தேன். அகலமான டயர் என்றால் நினைத்த அகலத்தைப் போட்டுவிட முடியாது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு நடுவே எவ்வளவு இடம், பின்பக்கத்துக் குழாய்களுக்கு நடுவே எவ்வளவு, பிரேக்கின் அடியில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இருபுறமும் நான்கு மில்லிமீட்டராவது காலி விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிறு கல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் சக்கரம் நின்றுவிடும்.

முன்பக்கத்தை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் மூன்று அளவு வந்தது. வெர்னியர் அளவுகோல் பழையது, தேய்ந்திருக்க வேண்டும்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு பிலோமினா எழுந்து வந்தாள். "குடுங்க. நான் பிடிக்கிறேன், நீங்க படிங்க." பிடித்தாள். நாற்பத்திரண்டு. மறுபடியும் பிடிக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு. பின்பக்கம் நாற்பது, அதுவும் இரண்டு முறை. ஆக, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் டயர் போடலாம். அதற்கு மேல் இடமில்லை.

வெர்னியரில் கோளாறு இல்லை போலிருக்கிறது.

பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். எழுந்த பிறகும் களைப்பாக இருந்தது.

பிப்ரவரி 7, புதன்

வேலை எதுவும் இல்லை. காஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 10, சனி

வெட்கக்கேடு. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் சாமான் கடையில் டயர் வாங்கி வந்தேன். "இருபத்தெட்டு" என்றேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ரிம்மில் மாட்டினால் வளையல் மாதிரிச் சுற்றுகிறது. நம் ஊர்க் கறுப்பு சைக்கிள் சக்கரத்தையும் இருபத்தெட்டு அங்குலம் என்பார்கள், என் சக்கரத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் டயர் உட்காருகிற விளிம்பு, அதில் அறுநூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், இதில் அறுநூற்று இருபத்திரண்டு. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். கடைக்காரர் மேல் தப்பே இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

மேலே அச்சடித்திருப்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதே, அளந்து பார் என்று என் கீழ் வேலை பார்த்த அத்தனை பேரையும் திட்டியிருக்கிறேன். ஒரு பையன் இதற்காகவே ஒரு முறை சம்பள உயர்வை இழந்தான். இன்று நான் அளக்காமல் வாங்கி வந்திருக்கிறேன்.

"டேப்பு கொண்டு போகலையா?" என்றாள் பிலோமினா.

"மறந்துட்டேன்."

டேப் சட்டைப் பையில்தான் இருந்தது. கடையில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் பார்க்கும்போது என் கை அதிகமாக ஆடுகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் பூசை. மதியம் மகள் வினோலியா ஓசூரிலிருந்து வீடியோவில் வந்தாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அப்பா, எம்மேல ஏதும் கோவமா?" என்றாள்.

"இல்லையே. ஏன்?"

"பின்ன ஏன் மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கீங்க? வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட சிரிக்கல."

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போனில் மூலையில் சின்னதாக என் முகமும் தெரியுமே, அதைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

"நெட்வொர்க் சரியில்லம்மா" என்றாள் பிலோமினா. அவளுக்கு எப்போதிலிருந்து நெட்வொர்க்கைப் பற்றித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு தில்லைநகர் போனேன். அங்கே சிக்கந்தர் என்பவர் கியர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். பழைய வண்டியைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அறுநூற்று இருபத்திரண்டு, முப்பத்திரண்டு அகலம், இரண்டு டயர், இரண்டு ட்யூப் வேண்டும் என்று சொன்னேன். இந்த முறை மில்லிமீட்டரில் மட்டும்தான் சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். மறுபடியும், "என்ன சார்?" என்றார். மூன்றாவது முறை தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறதாம். சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

கடைக்குள் ஃபேன் சத்தம் அதிகம், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். வந்த பிறகுதான் கவனித்தேன், தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

ஒரு வாரம் ஆகும் என்று சொன்னதும் மனசு லேசானது. ஏன் என்று யோசிக்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

டயர் வந்துவிட்டது. ஒரு வாரம் என்றார், ஆறே நாளில். இந்த ஊரில் எந்தச் சாமான் சொன்ன நாளில் வந்திருக்கிறது?

முன்சக்கரம் மட்டும் இன்று. டயரின் விளிம்பை ரிம்முக்குள் ஏற்றும்போது முக்கால்வாசி சுலபமாகப் போய்விடும். கடைசி ஒரு சாண் நீளம்தான் பிராணனை வாங்கும். இரண்டு கட்டை விரலையும் ஒன்றாக வைத்துத் தள்ள வேண்டும். இடது விரல் தள்ளியது. வலது விரல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தள்ளு என்று சொல்கிறேன், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல இருக்கிறது. இரும்புத் துண்டை வைத்து நெம்பினால் ட்யூப் கிழியும், அதனால் நெம்பவில்லை.

பிலோமினா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நகருங்க" என்று சொல்லாமல், என் விரல்களுக்குப் பக்கத்திலேயே தன் விரல்களை வைத்துத் தள்ளினாள். பட்டென்று உள்ளே போனது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் அடுப்படிக்கு ஓடினாள். பால் பொங்கி அடிப்பிடித்துப் பாத்திரம் கறுத்திருந்தது. நான் அடுப்படி வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் குனிஞ்சிருந்தேன், கவனிக்கல. உங்க மூக்கு எங்க போச்சு?"

"புது டயர் நாத்தத்துல தெரியல" என்றேன். புது டயரின் நாற்றமும் எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

காற்று அடித்தபின் பிரேக் கட்டைகளுக்கு நடுவே சக்கரம் நுழையவில்லை. காற்றை இறக்கி, சக்கரத்தை மாட்டி, மறுபடி காற்றடித்தேன். இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் காலி. பிரேக்குக்கு அடியில் மூன்று. முன்பக்கம் தேறிவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

பின்சக்கரம். டயர் இடதுபக்கக் குழாயை உரசுகிறது. கூட்டல் கழித்தல் போட்டால் இருபுறமும் நான்கு வர வேண்டும். இடது பக்கம் ஒன்று கூட இல்லை.

இன்று வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

உரசலுக்குக் காரணம் கண்டுபிடித்தேன். பழைய ஸ்டீல் பிரேமில் பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு படுக்கைவாக்கில், நீளமாக இருக்கும். சக்கரத்தை முன்னே தள்ளியும் மாட்டலாம், பின்னே இழுத்தும் மாட்டலாம். இத்தனை வருடமும் முன்னே தள்ளித்தான் மாட்டியிருந்தேன். பின்னே இழுத்தால் குழாய்கள் அகன்று இடம் கிடைக்கிறது. நேராகப் பிடித்து இறுக்கினால் இருபுறமும் நான்கு. அந்த ஜப்பான்காரர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

"அப்ப முடிஞ்சுதா?" என்றாள் பிலோமினா.

"பிரேக் பாக்கி இருக்கு."

"இன்னும் எத்தன நாளு?"

"பிரேக்னா என்ன வெளையாட்டா?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இந்த வேலைய ஒரு மாசமா இழுக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க" என்றாள். குரலில் கோபமில்லை, அசதிதான். நான்கு நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை. தூக்கத்தில் நான் கையைக் காலை வீசுகிறேனாம், நேற்று அவள் தோளில் ஒரு குத்து விழுந்ததாம். காலையில் கன்றிப்போன இடத்தைக் காட்டினாள்.

நான் வேலையை இழுக்கவில்லை. இன்று ஒரே நட்டை மூன்று முறை கழற்றி மாட்டியது உண்மை. முதல் இரண்டு முறையும் இறுக்கம் போதவில்லை.

முதல் முறையே போதுமாக இருந்தது. எழுதியது எழுதியதாக இருக்கட்டும், இது திருத்தம்.

மார்ச் 1, வெள்ளி

சாயந்திரம் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு போட்டாகிவிட்டது. பிலோமினா வந்து மீதியைப் போட்டுவிட்டாள்.

"நேரமாச்சு" என்றாள்.

கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். மணி அடிக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். "ஆமா, நேரமாச்சு" என்றேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்தொன்பது வயதில் பொத்தானுக்காகவா அழுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 2, சனி

பிரேக் வேலையும் முடிந்தது. கட்டைகளை ரிம்முக்கு நேராகத் திருப்பி, கேபிளை இழுத்துக் கட்டினேன். இழுத்துப் பிடித்தது பிலோமினா, திருகியது நான்.

சிக்கந்தரிடம் ஒரு முறை காட்டிவிடலாம் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் இரண்டு சக்கரத்தையும் சுழற்றிவிட்டுக் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். பிரேக்கை அழுத்தினார். தன் கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வந்து இறங்கி, "வேல சுத்தம் சார். எங்கயும் தொடல, எங்கயும் ஆடல" என்றார்.

பிறகு வண்டியைக் கொடுக்காமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே என் வலது கையைப் பார்த்தார். அது என் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"சைக்கிள்ல இனிமே பாக்க ஒண்ணும் இல்ல சார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும், டயர் விற்கிறவர். வரும் வழியெல்லாம் அவர்மேல் கோபமாக இருந்தேன். வீட்டுக்கு வந்தால் பிலோமினா வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரிடம் பெயர் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். ஆட்டோ வாசலை விட்டு நகரும்போதே போன் செய்துவிட்டாளாம்.

மார்ச் 5, செவ்வாய்

இன்று நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குப் புது டயரோடு கிளம்பினேன். ரயில்வே மைதானத்தைச் சுற்றிப் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை, நாய் இல்லை, காற்று இல்லை. முதல் சுற்று அவ்வளவு நன்றாக இருந்தது. ஒல்லி டயரில் ரோட்டின் ஒவ்வொரு பொடிக்கல்லும் மணிக்கட்டில் தெரியும். இதில் எதுவுமே தெரியவில்லை. முப்பது வருடம் ஏன் இதைச் செய்யாமல் இருந்தேன் என்று தோன்றியது. வியாழக்கிழமை டாக்டரிடம், பாருங்கள், ஒன்றுமில்லை, டயர்தான் என்று சொல்வதுபோல மனசுக்குள் பேசிப் பார்த்தேன்.

இரண்டாவது சுற்றில் வீட்டுப் பக்கம் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன். வண்டி இடதுபுறம் சாய ஆரம்பித்தது. இடது காலை ஊன்ற வேண்டும் என்று தெரிந்தது. ஊன்று என்றேன். கால் பெடலிலேயே இருந்தது. அடுத்து என்ன ஆகும், எந்த முழங்கையில் அடிபடும், பிலோமினாவிடம் என்ன சொல்வது என்பதை எல்லாம் யோசித்து முடித்த பிறகுதான் விழுந்தேன். அவ்வளவு நேரம் இருந்தது. அத்தனை நேரத்திலும் கால் வரவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கும் உரசவில்லை.

தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் ஒரு வழிமுறை உண்டு. செய்த சாமான் பழுதாகி வந்தால் முதலில் மெஷினைப் பார்க்க வேண்டும், அடுத்துப் பொருளை, அடுத்து வேலை நடந்த இடத்தை. மூன்றிலும் குறை இல்லை என்று எழுதிய பிறகுதான் நான்காவது வரியில் ஆளின் பெயரை எழுதலாம். எடுத்த எடுப்பில் ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்காக நானே கொண்டுவந்த முறை. நிறையப் பேர் அதனால் தப்பியிருக்கிறார்கள்.

மெஷின்: சைக்கிள். குறை இல்லை.

பொருள்: டயர், முப்பத்திரண்டு மில்லிமீட்டர். குறை இல்லை.

இடம்: புதுத் தார். குறை இல்லை.

நான்காவது வரியை நாளைக்கு எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்றாள். "அருமை" என்றேன். இடது முழங்கை உரிந்திருந்ததால் குளித்துவிட்டு முழுக்கைச் சட்டை எடுத்தேன். இந்த வெயிலில் ஏன் முழுக்கைச் சட்டை என்று பிலோமினா கேட்கவில்லை. வந்து, மணிக்கட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 6, புதன்

எழுதவில்லை.

மார்ச் 7, வியாழன்

டாக்டர் ஒரு பெண். நாற்பத்தைந்துக்குள் இருக்கும். அவசரப்படாமல் பார்த்தார். விரலைத் தட்டிக் காட்டச் சொன்னார், இரண்டு கைக்கும் தனித்தனியாக. தாழ்வாரத்தில் நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார். என் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னார். ஞானப்பிரகாசம் என்று ஆரம்பிக்கும்போது ஒழுங்காக இருந்த எழுத்து, பொன்மலைப்பட்டி வரும்போது கடுகு மாதிரி ஆகிவிட்டது. வாசனை தெரிகிறதா, தூக்கத்தில் கை கால் அடிக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பிலோமினா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு மாதமாகச் சொல்லக் காத்திருந்தவள், வரிசையாகச் சொன்னாள்.

பிறகு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சைக்கிள் ஓட்டுவீங்களா சார்?" என்றார்.

"அது ஒண்ணுதான் டாக்டர் அவருக்கு" என்றாள் பிலோமினா. "அதுக்குத்தான் ஒரு மாசமா டயர் மாத்திக்கிட்டு இருந்தாரு."

"சும்மா கேக்கல. இந்த மாதிரி நடுக்கம் வர்றவங்கள்ல நெறையப் பேருக்கு நடை தடுமாறினாக்கூட சைக்கிள் மட்டும் நல்லா வரும். அப்படி வந்தா எனக்கும் தைரியம். மாத்திரையில ரொம்ப வருஷம் நல்லா ஓட்டலாம். ஆரம்பத்துலயே சைக்கிள்ல பேலன்ஸ் போகுதுன்னா, இது வேற வகையான்னு நான் பாக்கணும். அந்த வகை கொஞ்சம் சீக்கிரம் கூடும், மாத்திரையும் அவ்வளவா கேக்காது. இத மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டேன். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப கொஞ்ச நாள்ல விழுந்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா பேசிவிட்டாள்.

"ரெண்டு தடவ டாக்டர். ரெண்டுமே டயர்தான். விரல் தண்டி டயரு அது. ஒரு தடவ குழாய்ப் பள்ளத்துல எறங்கிருச்சு. ஒரு தடவ மணலு. யாரா இருந்தாலும் விழுவாங்க. இப்ப பெரிய டயர் போட்டாச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

அத்தனையும் என் வார்த்தைகள். ஒரு மாதமாக நான் சொல்லச் சொல்ல உதட்டைச் சுழித்தவள், ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் என் சட்டைக் கையின் மேல், மணிக்கட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கையில் இருப்பதை எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்கிறாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப டயர்னாலதான், பேலன்ஸ்னால இல்ல. அப்படி எழுதிக்கலாமா சார்?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. எனக்கு ஆமாம் என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் தப்பான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்து வருகிறவர் அந்த அளவை நம்பித்தான் வேலை செய்வார். இந்த அம்மாள் அதை நம்பித்தான் எனக்கு மருந்து எழுதுவார்.

"மூணு தடவ டாக்டர்" என்றேன். "மூணாவது முந்தாநாத்து. புதுத் தார் ரோடு. புது டயர். குறுக்க யாரும் வரல."

பிலோமினாவின் கை என் சட்டையை இறுக்கியது.

"திரும்பும்போது காலு ஊனணும்னு தெரியுது. ஊனச் சொல்றேன். காலு வரல."

டாக்டர் எழுதினார். நிறைய எழுதினார். ஒரு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பதினைந்து நாளுக்கு மாத்திரை, பிறகு மறுபடியும் வர வேண்டும். அதுவரை சைக்கிள் வேண்டாம் என்றார். எதுவாக இருந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மாதிரிதான் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். இரண்டு மாதமாக என்னை இங்கே இழுத்து வரப் பாடுபட்டவள், ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில்வே பாலத்தின் மேல் போகும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"நான்தான் ரெண்டுன்னு சொன்னேன்ல. நீங்க பேசாம இருந்திருக்கலாம்ல."